தூங்கப் போன பிள்ளை ஏன் திரும்பி வருகிறது?

தம்பி தங்கையையோ அக்கா பிள்ளையையோ இரவில் தூங்கவைக்கும் பொறுப்பு நம்மில் பலருக்கு உண்டு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அது மெல்ல மூத்த பிள்ளைகளின் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால், பிள்ளை படுக்கும் நேரமும் நாம் படிக்க உட்காரும் நேரமும் ஒன்றுதான். விளக்கை அணைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினால் பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்கும். தண்ணீர் வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டும். பல்லி தூங்குமா என்று உடனே தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் காலடி என் அக்கா மகனுடையது. வயது 4. அக்கா தாதியாகப் பணிபுரிகிறார். அத்தானுக்கும் முறை மாறி மாறி வரும் வேலை. நானும் அம்மாவும் அவர்களுடன் ஒரே நாலறை வீட்டில் இருப்பதால், வாரத்தில் மூன்று, நான்கு இரவுகள் அவனைத் தூங்கவைப்பது என் வேலை. கெஞ்சிப் பார்த்தோம், அதட்டிப் பார்த்தோம். பூச்சாண்டியையும் அம்மா அழைத்துப் பார்த்தார். எதற்கும் அவன் மசியவில்லை. பிறகுதான் பல்கலைக்கழக நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

தூக்கம் வராத நேரத்தில் படுக்கை

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. எங்கள் பையன் பாலர் பள்ளியில் மதியம் 2 மணி நேரம் தூங்குகிறான். காலை 6.30க்கு எழுகிறான். இரவு 9.30க்குத் தூங்கினாலும் மொத்தம் 11 மணி நேரம் ஆகிவிடும். நாங்களோ 8 மணிக்கே அவனைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூரில் சூரியன் மறைவதே ஏறக்குறைய 7 மணிக்குத்தான். 1982 ஜனவரி 1ஆம் தேதி நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அதனால் 8 மணி என்பது இருட்டி ஒரு மணி நேரமே ஆன பொழுது. மேலும், இயல்பாகத் தூக்கம் வரும் நேரத்துக்குச் சற்று முன்பு உடல் கூடுதல் விழிப்போடு இருக்கும். அந்த நேரத்தில் படுக்கவைத்தால் பிள்ளை துள்ளத்தான் செய்யும்.

ஒரு வாரம் அவன் உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று குறித்து வைத்தேன். பெரும்பாலும் 9.20. முதலில் படுக்கும் நேரத்தை அதற்கே மாற்றினோம். படுத்தவுடன் தூங்கப் பழகிய பிறகு, சில நாள்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்தோம். 8.50ல் நிறுத்திக்கொண்டோம்.

கூடவே ஒரே வரிசையைக் கடைப்பிடித்தோம். குளியல், பால், பல் துலக்கல், இரண்டு கதைப் புத்தகங்கள், விளக்கு. 2009ல் வெளியான ஓர் ஆய்வில் 405 தாய்மார் கலந்துகொண்டனர். தினமும் ஒரே வரிசையைப் பின்பற்றிய இரண்டே வாரங்களில் பிள்ளைகள் விரைவில் தூங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது. படுக்கும் நேரம் நெருங்கும்போது கைப்பேசியை யாரும் அவன் கையில் கொடுப்பதில்லை. 18 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகள் பள்ளி நேரம் போக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே திரை பார்க்க வேண்டும் என்பது நம் சுகாதார அமைச்சு 2025ல் தந்த ஆலோசனை.

ஒரே ஓர் அனுமதி அட்டை

அடுத்தது நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த உத்தி. படுக்கும்போது பிள்ளையிடம் ஓர் அட்டையைக் கொடுக்க வேண்டும். அதைக் காட்டி ஒரே ஒரு முறை வெளியே வரலாம். தண்ணீரோ, ஓர் அணைப்போ, சின்னதாக எதையும் கேட்கலாம். கேட்டது கிடைத்ததும் அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். 1999ல் அமெரிக்காவில் 3 வயதும் 10 வயதுமான இரு சிறுவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2007ல் 3 முதல் 6 வயது வரையிலான 19 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். எழுந்து வருவதும் கூப்பிடுவதும் குறைந்தன.

பழைய தீபாவளி வாழ்த்து அட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். முதல் நாள் இரண்டே நிமிடத்தில் பல்லிக் கேள்விக்காக அதைச் செலவழித்தான். அதன் பிறகும் வந்தான். கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிச் சென்று படுக்கவைத்தேன். பேசவில்லை, திட்டவும் இல்லை. ஏனென்றால், திட்டுவதும் பிள்ளைக்கு ஒரு பேச்சுத்துணைதான்.

இதில் வீட்டார் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும். “பாவம், ஒரு பிஸ்கட்தானே கேட்கிறான்” என்று ஐந்து நாளில் ஒரு நாள் பாட்டி இளகினால் போதும். கடைத்தொகுதியில் பொம்மை பிடிக்கும் இயந்திரத்தின் முன் நாமே எத்தனை முறை காசு போடுகிறோம்? எப்போதாவது கிடைக்கும் என்பதுதானே நம்மை அங்கே நிற்கவைக்கிறது! அம்மாவிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் அட்டை தலையணைக்கு அடியிலேயே தங்கியது.

காலணி அடுக்கின் முன்

ஆனால், அக்காவுக்கு இரவு வேலை இருக்கும் நாள்களில் மட்டும் இது பலிக்கவில்லை. அட்டை இல்லாமலேயே மூன்று, நான்கு முறை வருவான். தண்ணீர் கேட்க மாட்டான். நேரே வாசலுக்குப் போய்க் காலணி அடுக்கைப் பார்ப்பான். அம்மாவின் வெள்ளைக் காலணி இருக்கிறதா என்று பார்க்கிறான் என்பது சில நாள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

“சொன்னா அழுவான், தூங்குனதும் சத்தமில்லாமப் போயிடு” என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பல வீடுகளிலும் அப்படித்தான். ஆனால் அவன் கணக்கு வேறு. கண்ணை மூடினால் அம்மா காணாமல் போய்விடுகிறார். அப்படியிருக்க, அவன் எப்படிக் கண்ணை மூடுவான்? அவன் அடம்பிடிக்கவில்லை, காவல் காத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அக்கா சொல்லிவிட்டே போகிறார். “அம்மா இன்னைக்கு ராத்திரி வேலைக்குப் போறேன். நீ காலையில பால் குடிக்கும்போது வந்துடுவேன்.” நாட்காட்டியில் இரவு வேலை நாள்களுக்கெல்லாம் நிலா ஒட்டிகளை ஒட்டி வைத்தோம். முதல் நாள் மின்தூக்கி வாசலில் அவன் அழுத அழுகையில் அண்டை வீட்டார் கதவைத் திறந்து பார்த்தார்கள். ‘நிறுத்திட்டானா?’ என்று ரயிலில் இருந்து அக்கா மூன்று முறை குறுஞ்செய்தி அனுப்பினார். நான்காவது நிலா நாளில் கையசைத்துவிட்டு, “சித்தி, கதை” என்று புத்தகத்தை எடுத்து வந்தான். இன்னமும் சில இரவுகளில் எழுந்து வருகிறான். ஆனால், காலணி அடுக்கின் பக்கம் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு வாண்டு இப்படி வந்து நின்றால், எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எந்த நாள்களில் அதிகம் எழுந்து வருகிறது என்று முதலில் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பிறகு பெற்றோருடனும் தாத்தா பாட்டியுடனும் உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவான ஒரே விதியைப் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளை தினமும் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறினாலோ இந்த உத்திகளை நம்பிக் காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

அக்காவின் அடுத்த மாத வேலை அட்டவணை நேற்று வந்தது. ஆறு நிலாக்கள். எல்லாவற்றையும் ஒட்டியது அவன்தான்.