உஷார்! 'எட்டு கோர்' என்று சொல்லி விற்கிறார்கள்

செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கக் கிளம்பியிருக்கிறீர்களா? "எட்டு கோர், நாலு கிகாஹெர்ட்ஸ், விலை ரொம்பக் கம்மி" என்று யாராவது காட்டினால், பணத்தை எடுப்பதற்கு முன் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150, 8320, 8350 என்று இருந்தால் தயவுசெய்து நில்லுங்கள்!

2011 அக்டோபரில் 'புல்டோசர்' என்ற வடிவமைப்பில் வெளிவரத் தொடங்கிய வரிசை இது. இதில் கோர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு மாட்யூலுக்குள் வைத்தார்கள். முழு எண் கணக்குக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் கட்டளைகளைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி, தசமக் கணக்குப் போடும் பகுதி, இரண்டாம் நிலை கேஷ் மூன்றும் பொது. ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைத்தால் என்ன ஆகும்? ஒன்றுக்காக மற்றது காத்து நிற்கும். போதாக்குறைக்கு ஒரு சுற்றில் ஒரு கோர் முடிக்கும் வேலையும் குறைவு. சில சோதனைகளில் ஏஎம்டியின் முந்தைய ஃபெனம் 2 பிராசஸரே இதை முந்தியது.

எட்டு கோர் என்று விளம்பரம் செய்தது ஏமாற்று என்று கலிஃபோர்னியாவில் வழக்கே நடந்தது. 2019-ல் 1.21 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது. அந்த 'எட்டு' என்ற எண்ணைச் சொல்லித்தான் இன்றும் விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். 8350-க்கு 125 வாட். 9590 என்றால் 220 வாட். சாதாரண மதர்போர்டு அதைத் தாங்காது. எஃப்எக்ஸில் கிராஃபிக்ஸ் உள்ளேயே கிடையாது, கார்டு தனியாக வேண்டும். ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இல்லாததால் அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் புது கேம்கள் திறக்கவே திறக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து: விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் எஃப்எக்ஸ் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அந்த மெஷினிலா பேங்க் பாஸ்வேர்டைத் தட்டப் போகிறீர்கள்?

கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். 8350-க்கு கோர் 4, லாஜிக்கல் பிராசஸர் 8 என்று விண்டோஸே காட்டும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, விண்டோஸ் 11 பட்டியலில் உள்ள ரைசன் 5 2600 போன்ற ஒன்றை வாங்குங்கள். எஃப்எக்ஸ் வேண்டவே வேண்டாம்.