இரண்டு பிளக், மூன்று வால்வு

கோலியனூர் கூட்டுரோட்டில் போய்வரும் பைக்குகளில் பஜாஜ் பல்சருக்குப் பஞ்சமில்லை. அதன் டிடிஎஸ்-ஐ எஞ்சினில், ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். பெட்ரோல் குறைந்த கலவையை ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்தால் மெதுவாக, அரைகுறையாக எரியும். இரு பக்கமும் பற்றவைத்தால் சட்டென்று முழுதாக எரியும், மைலேஜும் கூடும். இதற்காக 2002இல் விண்ணப்பித்து, 195904 என்ற எண்ணில் பஜாஜ் காப்புரிமை பெற்றது.

ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ், 2007இல் 125 சிசி ‘ஃபிளேம்’ பைக்கை அறிமுகப்படுத்தியது. அதிலும் இரண்டு பிளக்! விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

காப்புரிமையும் நிலப்பட்டா போலத்தான். எல்லை எழுதப்பட்ட அளவுக்கே உரிமை. அந்த எல்லையைச் சொல்வது ஆவணத்தின் ‘உரிமைக்கோரிக்கை’ப் பகுதி. பஜாஜ் எழுதியிருந்தது: நான்கு ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, 45 முதல் 70 மி.மீ. வரை சிலிண்டர் விட்டம், ஒரு ஜோடி பிளக். டிவிஎஸ் எஞ்சினிலோ மூன்று வால்வு.

2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை வந்தது. டிவிஎஸ் சோர்ந்துவிடவில்லை, ஒற்றை பிளக்குடன் ஃபிளேமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. இரண்டு பிளக் பைக்கை விற்கலாம், விற்பனைக் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் இரு நிறுவனங்களும் சமரசமாயின.

பொதுவான விதி இதுதான்: கோரிக்கையில் உள்ள இன்றியமையாத அம்சங்களில் ஒன்றாவது உங்கள் பொருளில் உண்மையிலேயே இல்லையென்றால் அத்துமீறல் இல்லை. பெயருக்கு ஒரு பாகத்தை மாற்றி, அதே வேலையை அதே விதமாகச் செய்யவைத்தால் தப்ப முடியாது.

கோரிக்கையின் எல்லையிலிருந்து உண்மையாகவே விலகிப் போவது திருட்டல்ல, புதுமைக்கு வழி. நீராவி எஞ்சினில் கிராங்க் அமைப்புக்கு வேறொருவர் காப்புரிமை வைத்திருந்ததால், ஜேம்ஸ் வாட் 1781இல் ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் புது அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

விழுப்புரம், திண்டிவனம் பட்டறைகளில் கரும்புக்கும் மணிலாவுக்கும் கருவி செய்யும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமை ஆவணங்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கோரிக்கைகளை வரி வரியாகப் படித்து, அவற்றில் ஏதாவது ஓர் அம்சம் இல்லாமலும் வேலை நடக்குமா என்று யோசியுங்கள். விண்ணப்பித்து 20 ஆண்டு கடந்தவை எல்லோருக்கும் பொது. புது வழி பிடிபட்டால், யாரிடமும் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.