கோதாவின் விளிம்பில் ஒரு கேமரா

ஈரானின் யஸ்த் நகரில், முன்பு நீர்த்தேக்கமாக இருந்த குவிமாடக் கட்டடம் ஒன்றில் ஜூர்கானே நடக்கிறது. பாரசீக மல்லர்களின் பழைய பயிற்சிக் கூடத்துக்கு அதுதான் பெயர். வாசலைத் தாழ்வாக வைப்பது மரபு. எத்தனை பெரிய பயில்வானும் குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் எண்கோணக் கோதா.

2010-ல் யுனெஸ்கோ இந்தப் பயிற்சிக் கலையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் பெண்கள் கோதாவில் இறங்குவது வழக்கமில்லை. வெளிநாட்டிலிருந்து கேமராவோடு வரும் பெண்ணுக்குச் சில கூடங்களில் மேல்வரிசையில் இடம் தருகிறார்கள்; உள்ளூர்ப் பெண்ணுக்கு அதுவும் சுலபமில்லை. இத்தனைக்கும், மேடையில் உட்கார்ந்து முரசடித்தபடி முர்ஷித் எனப்படும் பாடகர் பாடுகிற பாரசீகக் காவியமான ஷாநாமாவில், வீரன் சோராபோடு நேருக்கு நேர் மோதிய கோர்தாஃபரித் என்ற வீராங்கனை இருக்கிறாள்!

இடம் கிடைத்துவிட்டால் அடுத்த தடை வெளிச்சம். உள்ளே அரைகுறை ஒளிதான். ஷட்டரைச் சற்று நேரம் திறந்து வைத்தாக வேண்டும். கீழே ஒருவர் கைகளை விரித்துப் பம்பரமாய்ச் சுழல்கிறார். விநாடிக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். உடலின் அச்சிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் விரல்நுனி விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அச்சுக்கு நெருக்கமான மார்போ ஒன்றரை சென்டிமீட்டர்தான் நகரும். ஆகவே ஒரே படத்தில் உடல் ஓரளவு தெளிவாக நிற்க, கைகள் புகையாய்க் கரைகின்றன. எனக்கென்னவோ, எல்லாம் கூர்மையாக விழுந்த படத்தைவிட இதில்தான் சுழற்சி தெரிகிறது.

கப்பாதே வேறு மாதிரி. இரும்பு வில், நாணுக்குப் பதில் வட்டத் தகடுகள் கோர்த்த சங்கிலி. அதைத் தலைக்கு மேல் பிடித்து இடமும் வலமும் வீசுகிறார்கள். ஒவ்வொரு வீச்சும் திசை திரும்பும் நொடியில் வேகம் பூஜ்யமாகிறது. வீச்சு முரசின் தாளத்துக்குக் கட்டுப்பட்டது என்பதால், திருப்பம் எப்போது வரும் என்பதைக் காதே சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்து அழுத்தினால் மங்கிய ஒளியிலும் வில் துல்லியமாக விழும்.

பலர் வியர்வை சிந்தும் கூடத்தில் காற்றும் ஈரம். முரசின் உடல் களிமண், முகம் தோல். தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். நம் பறைக் கலைஞர்கள் தீயில் காய்ச்சுவது போல முர்ஷிதும் அதைச் சூடேற்றி முறுக்கேற்றுகிறார். குளிரிலிருந்து வந்த கேமராவின் லென்ஸிலும் அதே ஈரம் பனியாய்ப் படியும். பைக்குள்ளேயே வைத்து மெல்லச் சூடேற விடுவதுதான் வழி.

கோணத்துக்கு மட்டும் இப்படி எந்த உபாயமும் கிடையாது. மேல்வரிசையிலிருந்து எடுத்தால் தலைகளும் தோள்களும் தரையும்தான் அதிகம் விழும். தொலைநோக்கு லென்ஸ் உருவத்தைப் பெரிதாக்கும், கோணத்தை மாற்றாது. அதைத் தீர்மானிப்பது கேமரா இருக்கும் இடம். குவிமாடம் பின்னால் விரிய, உயர்த்திய கர்லாக்கட்டைகளைக் கீழிருந்து அண்ணாந்து எடுக்க வேண்டுமானால் கேமராவோடு வந்த பெண் கோதாவுக்குள் நின்றாக வேண்டும்.