கணவரும் அறிய வேண்டிய நோய்

நத்தத்து வீடுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுண்டு. பேச்சு அங்கே திரும்பியதும் ஆடவர் எழுந்து வெளியே சென்றுவிடுவர். அது பெண்களின் நோய், நமக்கென்ன என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் தவறானது.

இந்நோயை விளைவிப்பது மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி. இவ்வுண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் மணமான 1,891 பெண்களைச் சோதித்து, 2005-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரிடம் இக்கிருமி இருந்தது. கணவரையன்றி வேறு ஆடவரை அறியாத பெண்ணுக்கும் இது எவ்வாறு வருகிறது? உடலுறவின்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது.

ஆடவரிடம் இக்கிருமி எவ்வளவு பரவியுள்ளது? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் இத்தொற்று உண்டு. ஐவரில் ஒருவரிடம் இருப்பதோ புற்றுநோய் விளைவிக்கவல்ல வகை.

இத்துணைப் பரவலுக்குக் காரணங்கள் உண்டு. தொற்றியவருக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. அறியாமலே பிறருக்குக் கொடுத்துவிடுகிறார். தோலோடு தோல் உரசுவதாலேயே தொற்றுவதால், ஆணுறையும் முழுக்காப்பு அளிப்பதில்லை. பெரும்பாலோரிடம் கிருமி தானே மறைந்துவிடுகிறது. ஆயினும் ஆணின் உடலில் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெரும்பாலும் போதிய அளவு உருவாவதில்லை. எனவே மீண்டும் தொற்றக்கூடும். பல நாடுகளில் பெண்களிடம் வயது ஏற ஏறக் குறையும் இத்தொற்று, ஆண்களிடம் அவ்வளவாகக் குறைவதில்லை. சிலருக்கு மரு தோன்றும். அரிதாக ஆண்குறியிலோ ஆசனவாயிலோ தொண்டையிலோ புற்றுநோயும் வரலாம்.

ஒன்றை மறவாதீர்கள். இக்கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடும். ஆகவே மனைவியின் சோதனையில் அது தென்பட்டால், அவள் நடத்தையை ஐயுறுவது அறியாமை. கணவரைக் குற்றவாளியாக்குவதும் அவ்வாறே.

ஆடவருக்கு இதற்கென வழக்கமான சோதனை இல்லை. பெண்களுக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் அம்பிளிக்கை மருத்துவமனையினர் பங்கேற்ற ஆய்வில், நம் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற செவிலியர் அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்த எளிய சோதனையே அது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் அறிவிக்கப்பட்டது.

தடுப்பூசியும் வந்துவிட்டது. புனேயில் தயாராகும் ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் போடலாம். இளம் வயதிலேயே போடுவது நலம்.

குடும்பத் தலைவர்களே, இனி அப்பேச்சு எழும்போது எழுந்து செல்லாதீர்கள். முப்பது வயதைக் கடந்த மனைவியைச் சோதனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அவள் தனியே சுமக்க வேண்டிய நோயன்று இது.