செல்போன் கேட்கிறது, கணினி பதில் சொல்கிறது

கல்பாத்தியில் ஐப்பசிக் கடைசியில் தேர்த் திருவிழா. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வருவார்கள். பாலக்காடு ஜங்ஷனுக்கு ரயில் டிக்கெட் வேண்டும். முன்பெல்லாம் ஸ்டேஷனில் வரிசையில் நிற்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு முதல் இணையத்திலும் டிக்கெட் எடுக்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது.

செல்போனில் அதன் முகவரியை எழுதினால் பக்கம் திறக்கிறது. எப்படி?

இணையம் என்பது உலகம் முழுவதும் உள்ள கணினிகளின் வலை. செல்போனும் ஒரு சின்னக் கணினிதான். ஒன்று கேட்கும். மற்றொன்று பதில் சொல்லும். எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது? அதற்கு விதிகள் உண்டு. அந்த விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர்.

தபாலுக்கும் விதி உண்டு அல்லவா? பின்கோடு ஆறு எண். பாலக்காட்டுப் பகுதிக்கு 678 என்று தொடங்கும். விதிப்படி எழுதினால் கடிதம் சரியாக வந்து சேரும். இணையமும் அப்படித்தான்.

பெயரும் எண்ணும்

நமக்குப் பெயர் நினைவில் நிற்கும். கணினிக்கு எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதற்கென்றே சில கணினிகள் உள்ளன. இந்த முறைக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-இல் அமெரிக்காவின் பால் மொக்கபெட்ரிஸ் இதை உருவாக்கினார்.

ரயில் டிக்கெட்டின் முகவரி 'ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்'. இதைக் கணினி கடைசியிலிருந்து பார்க்கும். 'இன்' என்றால் இந்தியா. 'கோ' என்றால் நிறுவனம். அதற்கு முன்னால் இருப்பது நிறுவனத்தின் பெயர்.

பக்கத்தைக் கேட்பது

எண் கிடைத்தது. இனிச் செல்போன் அந்தக் கணினியிடம், "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று கேட்கும். பக்கம் இருந்தால் 200 என்று பதில் வரும். கூடவே பக்கமும் வரும். இல்லாவிட்டால் 404 என்று வரும். இந்த விதிக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். இதை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. ஜெனீவா நகருக்கு அருகே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது, 1989-இல் இதற்கான திட்டத்தை எழுதினார்.

இதன் முடிவில் 'எஸ்' என்ற எழுத்து சேர்ந்தால் பாதுகாப்பு அதிகம். நாம் எழுதுவது வழியில் யாருக்கும் புரியாத சங்கேதமாக மாறிப் போகும். கார்டுக்குப் பதிலாக ஒட்டிய கவரில் போவது போல. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கவர் ஒட்டியிருக்கிறது என்பதால், அதை வாங்குபவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். திருடனும் இந்தப் பாதுகாப்பை வைத்துக்கொள்ள முடியும்.

மின்னஞ்சல்

மின்னஞ்சலுக்கு எஸ்.எம்.டி.பி. என்ற விதி. இது 1980-களில் வந்தது. அனுப்பும் கணினி முதலில் வணக்கம் சொல்லும். பிறகு அனுப்புநர் பெயர். பிறகு பெறுநர் பெயர். பிறகு கடிதம். தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது.

தபால் கவரில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம். தபால்காரர் சோதிப்பதில்லை. மின்னஞ்சலையும் முதலில் அப்படித்தான் அமைத்தார்கள். பின்னால் சோதனை முறைகள் வந்தன. ஆனாலும் 'வங்கியிலிருந்து' என்று பொய்க் கடிதங்கள் வருகின்றன.

என்ன செய்ய வேண்டும்?

ஏமாற்றுபவர்கள் உண்மையான பெயரை முகவரியின் முன்னால் வைப்பார்கள். கடைசியில் வேறு பெயரைச் சேர்ப்பார்கள். அல்லது ஓர் எழுத்தை மாற்றுவார்கள். பக்கம் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். அதனால் படத்தைப் பார்த்து நம்பாதீர்கள். முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கடைசிப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் சரியான முகவரியைக் கேளுங்கள். அதைக் காகிதத்தில் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.