ஊர் பார்க்கப் போனால் என்ன வாங்கி வரலாம்?

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் ஆறு நாளும் மிஷின் சத்தம்தான். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன் என்று பனியன் கம்பெனிகளில் வேலை நடக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. தீபாவளி போனஸ் கைக்கு வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்துக் கிளம்புவார்கள். தஞ்சைப் பெரிய கோவில், மாமல்லபுரம் என்று பார்த்து வருவார்கள்.

போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது உண்டா? அம்மாயிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று ஏதாவது வாங்கத்தான் வேண்டும். ஆனால் எதை வாங்குவது?

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. அந்த ஊர்க்காரர்களின் கை செய்த பொருளை வாங்குங்கள். அந்த ஊர் மண்ணில் கிடந்த பழம்பொருளைத் தொடாதீர்கள்!

விழாத பொம்மை

தஞ்சைப் பெரிய கோவிலை ராஜராஜ சோழன் கட்டி முடித்தது 1010-ம் ஆண்டு. 1987-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. அந்த ஊர் பொம்மையை எவ்வளவு தள்ளினாலும் எழுந்து நிற்கும். காரணம் என்ன தெரியுமா? அதன் அடிப்பாகம் உருண்டை. கனமும் அங்கேதான் இருக்கிறது. மேல் பாகம் லேசு. அதனால் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும்.

சற்று அதிகம் செலவழிக்க முடிந்தவர்களுக்குத் தஞ்சாவூர்த் தட்டு இருக்கிறது. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளி, செம்புத் தகடுகளில் உருவம் எழுப்பிப் பதிப்பார்கள்.

உளியா, அச்சா?

மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துக் கோவில்களுக்குப் பக்கத்திலேயே இன்றும் உளிச் சத்தம் கேட்கிறது. அங்கே கல் சிற்பம் வாங்கும்போது கவனம் வேண்டும். அச்சில் வார்த்த சிலைகளும் கடைகளில் கலந்திருக்கலாம்.

கண்டுபிடிப்பது எப்படி? ஒரே அளவுள்ள இரண்டு சிலைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூக்கு, விரல், மடிப்பு எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் அது வார்த்த சிலை. ஓரத்தில் ஒட்டுக் கோடும் தெரியும். உளியால் செதுக்கிய சிலைகளில் சிறு வித்தியாசமாவது இருந்தே தீரும்.

மாமல்லபுரம் கல் சிற்பம், தஞ்சாவூர் பொம்மை, பவானி ஜமக்காளம் ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு எங்கோ செய்த சரக்கை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது இதன் பொருள். 1999-ல் இயற்றப்பட்ட இச்சட்டம் 2003-ல் அமலுக்கு வந்தது.

தூரம் போக முடியாதவர்களுக்கு அருகிலேயே திருமுருகன்பூண்டி இருக்கிறது. சுந்தரர் கொண்டு வந்த பரிசுப் பொருளையெல்லாம் வேடர் வடிவில் வந்த பூதகணங்கள் பறித்துக்கொண்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் அது. இன்றோ அங்கே சிற்பக் கூடங்கள் இருக்கின்றன. சிற்பியின் கை வேலையைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

பொறுக்கக் கூடாத மணி

இனி, எதை வாங்கக் கூடாது என்று பார்ப்போம்.

திருப்பூர் வழியே ஓடும் அதே நொய்யல் ஆற்றின் கரையில், சென்னிமலைப் பக்கம் கொடுமணல் என்ற ஊர் உள்ளது. சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர் இதுவே என்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் இங்கே அகழாய்வு செய்தது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்மணி செய்யும் தொழில் இங்கே நடந்தது தெரிய வந்தது.

எப்படித் தெரிந்தது? அறுக்காத கல், பாதி செய்த மணி, துளையிட்டு முடித்த மணி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. வெளியூரிலிருந்து வாங்கி வந்ததாக இருந்தால் முடித்த மணி மட்டுமே கிடைத்திருக்கும். பாதி மணி கிடைத்ததால்தான் தொழில் நடந்தது உறுதியாயிற்று.

அந்தப் பாதி மணியை யாரோ ஒருவர் "ஞாபகத்துக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்? ஓர் ஊரின் சரித்திரமே பையோடு போயிருக்கும்! எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் மணியின் மதிப்பு. வீட்டு அலமாரியில் அது வெறும் கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பழைய காசு சார், ராஜா காலத்துச் சிலை சார்" என்று யாராவது நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். அது போலியானால் பணம் நஷ்டம். அசலானால் சட்டச் சிக்கல்.

100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, காசு முதலியவை தொல்பொருள் என்கிறது 1972-ம் ஆண்டுச் சட்டம். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்வது குற்றம். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு போகவும் தடை உண்டு. மண்ணுக்குள் புதைந்த பொருள் கண்ணில் பட்டு, அது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இது 1878-லேயே வந்த சட்டம்!

விலை பேசும் முன்

கடைசியாக ஒரு வார்த்தை. வாங்கும்போது, செய்தவர் யார் என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள். விலை பேசலாம், ஆனால் கூலியே மிஞ்சாத அளவுக்கு அடித்துப் பேச வேண்டாம். ஒரு பீஸுக்கு எத்தனை தையல், எவ்வளவு கூலி என்று கணக்குப் பார்த்து வாழும் முதலிபாளையத்துக்காரர்களுக்கு, உளி பிடித்தவரின் கஷ்டத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.