மணற்காட்டில் ஓரிரவு

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்து சென்றால் பனங்கூடல்கள் குறைந்து வெண்மணற் குன்றுகள் எழுகின்றன. அக்குன்றுகளை அடுத்துக் கடலோரமாய் அமைந்த சிற்றூருக்கு மணற்காடு என்று பெயர். பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், வல்லிபுரத்திலே வழிபாட்டை முடித்துக்கொண்டு, மணற்காட்டின் பழைய அந்தோனியார் கோயிலைக் காணும் ஆவலுடன் துவிச்சக்கரவண்டியிற் புறப்பட்டேன். கூரையிழந்த அக்கோயிலின் சுவர்கள் மணலிற் புதைந்து நிற்கின்றன. காற்று ஒரு பிடி மணலை வாரிக்கொண்டு வந்து சேர்ப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. பல்லாண்டு கழித்துப் பார்க்கும்போது ஒரு கோயிலே மறைந்துபோயிருக்கிறது.

திரும்ப எண்ணியபோது வண்டியின் சில்லுக் காற்றுப் போய்க் கிடந்தது. பொழுதும் சாய்ந்துவிட்டது. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் நிலையைக் கண்டு, "வாத்தியார் ஐயா, இருட்டில மணலுக்குள்ள நடக்கேலாது. இரவைக்கு இஞ்ச தங்குங்கோ" என்றார். 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலை முன்னைய வீட்டைக் கொண்டுபோன பின்னர் கட்டிய சிறிய கல்வீடு அவருடையது.

முற்றத்திலே கதிரை போட்டு, அதன்மேல் வெளுத்த துவாயொன்றை விரித்தார்கள். வீட்டு ஆச்சி ஓர் இளநீரையும் இரண்டு வாழைப்பழங்களையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே உலை கொதிக்கும் மணம் வந்தது. ஆயினும் சோற்றைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

எனக்கு விளங்கியது. சமைத்த உணவைக் கையால் தொடாதவர்களுக்கும் கொடுக்கக்கூடியவை இளநீரும் பழமுமே. என்னைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாக அவருக்குக் கற்பித்த பாடம் அது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மூதாட்டிக்கு என் பாட்டி வேலியோரத்திலே சிரட்டையில் தண்ணீர் வார்த்ததைச் சிறுவனாய் நின்று பார்த்தவன் நான். அது பிழையென்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957இல் நம் நாட்டிலே சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தைப் பற்றி மாணவருக்கு நான் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஆனால், வீட்டு முற்றங்களுக்குள் சட்டம் வருவதில்லை, மனிதர்தாம் வரவேண்டும்.

"சோறு இல்லையோ, ஆச்சி?" என்று கேட்டேன்.

அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். பின்னர், "எங்கட வீட்டில சாப்பிடுவியளோ?" என்றார். அவ்வினாவிலே கோபம் இல்லை. இருந்திருந்தால் என் மனம் அவ்வளவு நொந்திராது.

அரைமணி நேரத்தில் உள்ளே அழைத்தார்கள். குத்தரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, தேங்காய்ச் சம்பல். "வெள்ளிக்கிழமை எண்டபடியால் புதுச் சட்டியிலதான் காய்ச்சினனான். மீன் பட்ட சட்டியில்லை" என்றார் ஆச்சி. தம் வழக்கத்தை மதிக்காதவர்களின் வழக்கத்தை இத்துணை கவனமாக மதிக்கும் உள்ளத்தை என்னென்பது! பந்தியிற் பலமுறை உண்டவன் நான். அன்றுபோல் நாணத்தோடும் நிறைவோடும் உண்டதில்லை.

இரவு திண்ணையிலே பாய் விரித்துப் படுத்தேன். கடலின் இரைச்சலையன்றி வேறு ஓசையில்லை. விடியுமுன் முதியவர் படகுக்குச் சென்றுவிட்டார். அவர் கரைக்கு வரும்வரை ஆச்சியின் கண்கள் கடலைவிட்டு அகலவில்லை. அதே கடல்தான் முன்பொருநாள் அவர் வீட்டைக் கொண்டுபோனது.

காலையிலே அயல்வீட்டு இளைஞன் சில்லைச் சீர்செய்து தந்தான். பணம் கொடுக்க முயன்றேன், எவரும் வாங்கவில்லை. விடைபெற்றபோது ஆச்சி சிரித்தார்.

"அடுத்தமுறை வெள்ளிக்கிழமையில வராதையுங்கோ, ஐயா. மீன்குழம்பு வைச்சுத் தாறன்."

வழியில் மீண்டும் அப்பழைய கோயிலருகே நின்றேன். பிடிபிடியாக வந்து மூடிய மணலைப் பிடிபிடியாகவே அள்ளவேண்டும். நான் அள்ளியது ஒரு பிடிதான். அதற்கும் முதற்கை கொடுத்தவர் அந்த ஆச்சியே.